அருமையும் பெருமையும்: இசைத்தட்டுச் சேகரிப்பாளரின் மதிப்பீட்டு முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அரிய இசைத்தட்டுகளைச் சேகரிப்போரிடம் காணப்படும் மேட்டிமை மனப்பான்மை பெரும்பாலும் தனிமனிதக் குணக்கேடாகவோ நகைப்புக்குரிய விந்தையாகவோ பேசப்பட்டு வருகிறது. அம்மனப்பான்மை ஓர் இசை மரபின் வரலாற்றையே வடிவமைக்கும் ஆற்றல் உடையது என்பதை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் திரட்டியவர்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தனியார் சேகரிப்புகளைப் பெரிதும் சார்ந்து நிற்கும் தமிழ் இசைத்தட்டு ஆய்வுக்கு அவ்வரலாறு எழுப்பும் வினாக்களும் இறுதியில் கருதப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இசைத்தட்டு, சேகரிப்பு, மேட்டிமை, ப்ளூஸ், கிராமபோன், ஆவணம், ஏட்டுச்சுவடி.

சொல்லின் மூன்று பொருள்

‘அருமை’ என்னும் தமிழ்ச் சொல் கிடைத்தற்கரிய தன்மையையும் மேன்மையையும் ஒருங்கே குறிப்பது. ‘அருமையான பாட்டு’ என்று ஒருவர் சொல்லும்போது அப்பாட்டு எளிதில் கிடைக்காதது என்று அவர் கருதுவதில்லை. ‘அரிய நூல்’ என்று பதிப்பாளர் அறிவிக்கும்போதோ இரு பொருளும் பிரிக்க இயலாதபடி கலந்து நிற்கின்றன. மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. திருக்குறளின் தீவினையச்சம் அதிகாரத்தில் வரும் ‘அருங்கேடன்’ என்ற சொல்லுக்கு உரை காணும் பரிமேலழகர், அங்கு அருமை என்பதற்கு இன்மை என்று பொருள் கொள்வார். அரிதாதல் முற்றினால் இல்லாமையில் போய் முடியும் என்பதால் இப்பொருள் வியப்பூட்டுவதன்று.

இசைத்தட்டுச் சேகரிப்பாளரின் உலகம் இம்மூன்று பொருளையும் ஒன்றாக்கிக்கொண்ட உலகமாகும். கிடைக்காதது மேன்மையானது என்பதும், அறவே கிடைக்காதது எல்லாவற்றினும் மேன்மையானது என்பதும் அங்கு வெளிப்படையாகச் சொல்லப்படாத விதிகளாக இயங்குகின்றன. 1930இல் விஸ்கான்சின் மாநிலத்துக் கிராஃப்டன் ஊரில் வில்லி பிரவுன் என்னும் பாடகர் பாரமவுண்ட் நிறுவனத்திற்காகப் பாடிய தட்டுகளுள் ஒன்று இன்றுவரை எவர் கையிலும் அகப்படவில்லை. பாரமவுண்ட் 13099 என்பது அதன் எண். அதனைக் கேட்டவர் என்று இன்று எவரையும் சுட்ட இயலாது. ஆயினும் சேகரிப்பாளர் பலரின் தேடற்பட்டியலில் அதற்கே முதலிடம். கேட்கப்படாத பாட்டொன்று இத்தகைய மதிப்பை எய்துவதற்கு இசைச்சுவை காரணமாக இருத்தல் இயலாது.

மக்களின் தட்டு

1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ அடைந்த விற்பனை, கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவோரே என்பதை அமெரிக்க நிறுவனங்களுக்கு உணர்த்தியது. அதனைத் தொடர்ந்து அம்மக்களுக்கெனத் தனி வரிசைகள் தொடங்கப்பெற்றன. பாரமவுண்ட் அவ்வாறு இறங்கிய நிறுவனங்களுள் ஒன்று. அதன் உரிமையாளரான விஸ்கான்சின் நாற்காலி நிறுவனம் அடிப்படையில் மரச்சாமான் செய்வது. ஒலிப்பெட்டிகளுக்கான மரக்கூடுகளைச் செய்துவந்த அந்நிறுவனம் அவற்றோடு சேர்த்து விற்பதற்காகவே தட்டு உற்பத்தியிலும் நுழைந்தது. மலிவான அரக்குக் கலவையில் வார்க்கப்பட்டமையால் அதன் தட்டுகள் புதியனவாக இருந்தபோதே இரைச்சல் மிக்கவை. இத்தட்டுகளைக் கறுப்பின மக்கள் செய்தித்தாள் விளம்பரம் கண்டு அஞ்சல் வழியாகவும், சிற்றூர்க் கடைகளிலும் வாங்கினர்.

அக்காலத்தில் மிகுதியாக விற்றவை எவை என்பது இங்குக் கருதத்தக்கது. 1920களில் சந்தையை ஆண்டவர்கள் பெண்கள். பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி முதலியோர் மேடைக் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று பாடியவர்கள். 1928இல் ‘ஹௌ லாங், ஹௌ லாங் ப்ளூஸ்’ பாடிய லீராய் கார், நகர்ப்புற நயம் வாய்ந்த பியானோக் கலைஞர். இவர்களே அன்றைய கேட்போரின் உள்ளம் கவர்ந்தவர்கள். பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் தொழில் சரிந்தது. பாரமவுண்ட் 1930களின் முற்பகுதியிலேயே ஒலிப்பதிவை நிறுத்திக்கொண்டது. அதன் உலோக மூலத்தகடுகள் பழைய இரும்புக்கு விற்கப்பட்டன என்றும், பணியாளர்கள் அவற்றையும் தட்டுகளையும் மில்வாக்கி ஆற்றில் வீசி எறிந்தனர் என்றும் சொல்வர். 2014இல் வெளிவந்த நூலொன்றில் அமெரிக்க எழுத்தாளர் அமாண்டா பெட்ரூசிச், அந்த ஆற்றில் தாமே மூழ்கித் தேடியதை எழுதியுள்ளார். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

இரண்டாம் உலகப்போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றதாகும்; போர் அவ்வழியைக் குறுக்கியது. எனவே அமெரிக்காவில் பழைய தட்டுகள் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. ஏழை மக்களின் தட்டுகள் அரிதானமைக்கு இத்தகைய காரணங்களே உள்ளன: மலிவான பொருள், இடையறாத பயன்பாடு, வீடு மாறுதல், போர். அவற்றின் இசைத்தரத்திற்கும் இக்காரணங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இருபதின்மரின் செவி

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையொன்றில் வாழ்ந்தவர் ஜேம்ஸ் மெக்கியூன். பெரிய வேலையோ சொத்தோ இல்லாதவர். சில நூறு தட்டுகளை அட்டைப்பெட்டிகளில் இட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். 1944இல் சார்லி பாட்டன் பாடிய தேய்ந்த தட்டொன்று இவருக்குக் கிடைத்தது. பாட்டனே தலையாய கலைஞர் என்று அன்று முதல் கருதினார். தம்மைச் சூழ்ந்த வெள்ளையின ஆடவர் சிலரையும் அவ்வாறே கருதச் செய்தார். இக்குழுவைப் பிற்காலத்தார் ‘ப்ளூஸ் மாஃபியா’ என்று அழைத்தனர். வரலாற்றாசிரியர் மேரிபெத் ஹாமில்டன் 2007இல் வெளியிட்ட நூல் மெக்கியூனின் வாழ்க்கையையும் குழுவின் செல்வாக்கையும் விரிவாக ஆராய்கிறது. மிசிசிப்பி டெல்ட்டாப் பகுதியின் தனித்த கித்தார்ப் பாடகனே ப்ளூஸின் உண்மை வடிவம் என்னும் கருத்து, அப்பகுதி மக்களிடமிருந்து வந்ததைவிட இத்தகைய தேடலாளர்களின் கற்பனையிலிருந்து வந்ததே மிகுதி என்பது அவர் வாதம்.

இவ்வாதத்திற்கு அரண் செய்யும் நிகழ்வு ஒன்று உண்டு. 1959இல் சாமுவேல் சார்ட்டர்ஸ் நாட்டுப்புற ப்ளூஸ் பற்றிய முதல் முழுநூலை வெளியிட்டார். கறுப்பின மக்கள் அக்காலத்தில் எவற்றை விரும்பி வாங்கினர் என்பதற்கு அவர் உரிய இடம் தந்திருந்தார். மெக்கியூன் அதனை ஏற்கவில்லை. இத்தட்டுகளைச் சேகரிக்கும் இருபது பேரைத் தாம் அறிவதாகவும், அவர்கள் அறிய விரும்புவது சிறந்த பாடகர் யார் என்பதையேயன்றி மிகுதியாக விற்றவர் யார் என்பதை அன்று என்றும் கருத்துப்பட அவர் எழுதினார். அவரைச் சார்ந்தோரின் ஒரிஜின் ஜாஸ் லைப்ரரி நிறுவனம் 1962இல் வெளியிட்ட தொகுப்பு, ‘உண்மையில் இதுவே நாட்டுப்புற ப்ளூஸ்’ என்று சொல்லும் தொனியிலேயே பெயர் சூட்டப்பட்டிருந்தது. சார்ட்டர்ஸுக்கான மறுப்பு அது.

இங்கு நிகழ்ந்தது சுவை வேறுபாடு மட்டும் அன்று. பல்லாயிரவர் பணம் கொடுத்து வாங்கிக் கேட்டுத் தேய்த்த இசையின் தரத்தை மதிப்பிடும் உரிமை, அம்மக்களின் கையிலிருந்து இருபது பேரின் கைக்கு மாறியது. விற்பனை என்பது வெறும் வணிக எண்ணிக்கையாகத் தள்ளப்பட்டது. பருத்திக்காட்டில் கூலி வேலை செய்த ஒருவர் தம் வருவாயில் ஒரு பங்கைக் கொடுத்து ஒரு தட்டைத் தேர்ந்தெடுத்தார் எனின், அத்தேர்வும் ஒரு விமர்சனத் தீர்ப்பே. அத்தீர்ப்பு கணக்கில் கொள்ளப்படவில்லை. பெண்பாடகர்களின் மேடை ப்ளூஸ் ‘செயற்கையானது’ என்று ஒதுக்கப்பட்டது. அவர்களின் தட்டுகள் பழந்தட்டுக் கடைகளில் எளிதில் கிடைத்தன என்பதும் ஒதுக்கத்திற்குத் துணைசெய்திருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு.

எலைஜா வால்ட் 2004இல் எழுதிய நூல் இதே செய்தியை மறுமுனையிலிருந்து அணுகுகிறது. ராபர்ட் ஜான்சன் 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் டெக்சாஸில் 29 பாடல்களைப் பதிவுசெய்து 1938இல் மறைந்தார். அன்றைய கறுப்பினக் கேட்போரிடையே அவர் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். 1961இல் அவர் பாடல்கள் எல்.பி. தட்டாக வெளிவந்தபோதுதான் ‘டெல்ட்டா ப்ளூஸின் மன்னர்’ ஆனார். 1990இல் வெளியான முழுத்தொகுப்போ பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் இணைந்து 1941-42இல் டெல்ட்டாவின் நடுவே நடத்திய கள ஆய்வின் குறிப்புகளை வால்ட் எடுத்துக்காட்டுகிறார். கிளார்க்ஸ்டேல் ஊரின் உணவு விடுதிகளில் காசு போட்டுக் கேட்கும் இசைப்பெட்டிகளில் இருந்தவை கவுண்ட் பேசி, ஃபேட்ஸ் வாலர் போன்றோரின் நாகரிக இசைத்தட்டுகள். பின்னாளில் மடி வாட்டர்ஸ் என்று உலகப்புகழ் பெற்ற பாடகர் தமக்குத் தெரிந்த பாடல்கள் என்று சொன்னவற்றுள், வெள்ளையினத் திரைப்பாடகர் ஜீன் ஆட்ரியின் பாடல்களும் இருந்தன. டெல்ட்டா மக்களின் செவி சேகரிப்பாளரின் செவியைவிட அகன்றதாக இருந்தது என்பதே இதன் பொருள்.

வறியவரின் மேட்டிமை

மேட்டிமைச் சுவையை வர்க்கத்தோடு இணைத்து விளக்கியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு. 1979இல் வெளிவந்த அவர் நூலின் வழியாகப் ‘பண்பாட்டு மூலதனம்’ என்னும் தொடர் தமிழ்த் திறனாய்விலும் பரவலாகப் பயின்று வருகிறது. மெக்கியூனுக்கு அதனை அப்படியே பொருத்துதல் எளிது, ஆனால் முழுமையாகாது. அவரிடம் பணமும் பட்டமும் இல்லை. பொதுப்பண்பாடு மதிக்கும் எதையும் அவர் சேகரிக்கவும் இல்லை. பிறர் குப்பை என்று எறிந்ததைத் தேடிய இவ்வறியவரிடம் இருந்த ஒரே உடைமை, ‘பிறர் அறியாததை அறிந்தவன்’ என்னும் நிலை. அதனை இழந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. இவ்வகை மேட்டிமை செல்வரின் மேட்டிமையைவிட இறுக்கமானதாக இருப்பதன் காரணம் இதுவாகலாம். பொருளைப் பகிர்ந்தால் பொருள் குறையும் என்பது செல்வரின் அச்சம். பகிர்ந்தால் தாமே குறைவோம் என்பது இவர்களின் அச்சம்.

இவ்வச்சத்தின் அப்பட்டமான வடிவத்தை இங்கிலாந்தின் வடபகுதியில் 1970களில் பரவிய ‘நார்தர்ன் சோல்’ நடன அரங்குகளில் காணலாம். தொழிலாளர் வர்க்க இளைஞர்கள் இரவு முழுதும் ஆடிய அவ்வரங்குகளில் தட்டிசைப்போர், தம்மிடம் மட்டுமே உள்ள தட்டின் பெயர்ச்சீட்டை மறைத்துப் பொய்ப்பெயர் ஒட்டினர். போட்டியாளர் அதனைத் தேடிப் பிடித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய பாட்டொன்று எட்டி ஃபாஸ்டர் என்னும் வேறு பெயரில் அங்கு ஒலித்தது. ஆடியவர்கள் அப்பாட்டை நேசித்தனர். பாடியவரின் பெயரை அறியாமலே நேசித்தனர். 2009இல் அத்தட்டின் படி ஒன்று 25,000 பவுண்டுக்கும் மேல் விலைபோனது. கலைஞரின் பெயரையே அழித்துவிடும் அளவுக்குச் சென்ற இவ்விரசிகத்தன்மை, எதன்பால் கொண்ட ஈடுபாடு என்னும் வினா எழுவது இயல்பே.

எனினும் சேகரிப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி அமைதல் நேர்மையாகாது. பாரமவுண்டின் மூலத்தகடுகள் அழிந்த நிலையில், இன்று உலகம் கேட்கும் பாட்டனின் குரல் முழுவதும் சேகரிப்பாளர் காத்த தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டதே. கீஷி வைலி 1930இல் பாடிய பாடல்கள் விரல்விட்டு எண்ணத்தக்க படிகளின் வழியாகவே எஞ்சின. மேரிலாந்து மாநிலத்தில் வாழ்ந்து 2022இல் மறைந்த ஜோ புஸார்டு, தம் வீட்டு நிலவறைக்கு வந்தவர்க்கெல்லாம் தட்டுகளைப் போட்டுக் காட்டினார். கேட்டவர்க்கு ஒலிநாடாவில் படியெடுத்து அனுப்பினார். 1930களுக்குப் பிந்தைய ஜாஸ் பெரும்பாலும் கேட்கத் தகுதியற்றது என்று ஓயாமல் சொன்னவரும் அவரே. கொடைக்குணமும் மேட்டிமையும் ஒருவரிடமே உடனுறைதல் கூடும் என்பதற்கு அவர் சான்று. ஹாரி ஸ்மித் தம் தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் தெரிந்து 1952இல் வெளியிட்ட தொகுப்பில், பாடகர் கறுப்பினத்தவரா வெள்ளையினத்தவரா என்ற குறிப்பையே தரவில்லை. சேகரிப்பாளர் ஒருவர் வேலிகளைப் பிடுங்கவும் வல்லவர் என்பதை அது காட்டிற்று.

ஏடும் தட்டும்

வீடு வீடாகச் சென்று அழிவின் விளிம்பிலிருந்த பொருளைத் திரட்டிய செயலைத் தமிழுலகம் வேறொரு வடிவில் நன்கு அறியும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு உ.வே. சாமிநாதையர் அடைந்த துயரம் ‘என் சரித்திர’ வாசகர் மறக்கக்கூடியது அன்று. கேல் டீன் வார்ட்லோ 1960களில் மிசிசிப்பியின் கறுப்பினக் குடியிருப்புகளில் கதவு கதவாகத் தட்டிப் பழந்தட்டு கேட்ட காட்சி அதனோடு ஒப்பிடத்தக்கது. ஒப்புமை அவ்வளவில் நிற்கிறது. உ.வே.சா. திரட்டிய ஏடுகள் 1887இல் சிந்தாமணியாகவும் 1892இல் சிலப்பதிகாரமாகவும் 1894இல் புறநானூறாகவும் அச்சேறின. ஏடு தந்தோர் பெயர்கள் முன்னுரைகளில் நன்றியுடன் குறிக்கப்பட்டன. அச்சேறிய அன்றே அந்நூல் ‘அரிய’ என்னும் அடைமொழியின் முதற்பொருளை இழந்துவிடுகிறது. இரண்டாம் பொருள் மட்டும் எஞ்சுகிறது. பதிப்பாசிரியரின் உழைப்பு அருமையை ஒழிப்பதற்கான உழைப்பாகும்.

அதற்கு மாறாகத் தட்டின் சந்தையில் படிகள் பெருகினாலும் மூலப்பொருளின் விலை ஏறிக்கொண்டே செல்கிறது. டாமி ஜான்சனின் பாரமவுண்ட் தட்டு ஒன்று 2013இல் 37,100 டாலருக்கு விற்றது. அப்பாட்டை அதற்கு முன்பே எவரும் மறுவெளியீடுகளில் கேட்டிருக்கலாம். விற்றது பாட்டு அன்று. கறுப்பின வீடுகளில் சில்லறைக்கு வாங்கப்பட்ட தட்டுகள் பெற்ற இவ்விலையில், பாடியவரின் குடும்பத்திற்கோ காத்து வைத்திருந்த வீட்டாருக்கோ பங்கு இல்லை என்பதையும் கருதவேண்டும்.

தமிழ் ஆய்வுக்கு எழும் வினா

தமிழகத்தில் கிராமபோன் தட்டு பொதுமக்களின் பொருளானது 1920களின் பிற்பகுதியிலிருந்து என்பது ஸ்டீபன் ஹியூஸ் 2002இல் எழுதிய கட்டுரையால் அறியப்படுவது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் முதலிய நாடகக் கலைஞர்களின் தட்டுகள் அவ்வெழுச்சியின் நடுநாயகமாக விளங்கின. அதற்கு முன்னரே கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெண்கலைஞர்களின் பாட்டுகள் தட்டேறியிருந்தன. தேசிய இயக்கப் பாடல்களைத் தாங்கிய தட்டுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பதைச் சு. தியடோர் பாஸ்கரன் 1981இலேயே நிறுவிக்காட்டினார். இத்தட்டுகளுள் பெரும்பகுதி இன்றும் தனியாரிடமே உள்ளது. ஆகவே இத்துறையில் நுழையும் ஆய்வாளர் எதனைக் கேட்கலாம் என்பது, எதனைக் காக்கத்தக்கது என்று சேகரிப்பாளர் கருதினார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. செவ்விசை விரும்பி ஒருவரின் அலமாரியில் நகைச்சுவைத் தட்டுக்கும் நாடகத் தெம்மாங்குக்கும் இடம் இருக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. அவர் தள்ளியது தமிழர் கேட்காதது என்று ஆகிவிடாது.

தனியார் சேகரிப்பு பொதுவுடைமையாதல் இயலாத செயலும் அன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் திரட்டிய நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்தபின் சென்னையில் ஆய்வு நூலகமாயின. கற்றோர் பொருட்படுத்தாத குஜிலிப் பதிப்புகளை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டு ஆராய இயன்றதும், எவரோ சிலர் அவற்றைக் குப்பை என்று கருதாமல் வைத்திருந்தமையால்தான். தட்டாய்விலும் இத்தகைய அச்சுச் சான்றுகளைத் தட்டுகளோடு சேர்த்து வாசித்தல் வேண்டும். பாட்டுப்புத்தகங்களும் நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களும், தட்டு எஞ்சாத பாட்டுக்கும் சாட்சி சொல்லக்கூடியவை.

அச்சுச் சான்றும் இல்லாதவிடத்துத் தட்டின் உடலையே வாசிக்கவேண்டியுள்ளது. சேகரிப்பாளரின் தரப்படுத்தலில் கீறலற்ற, பளபளப்பு மாறாத தட்டு முதலிடம் பெறும். எஃகு முள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அரக்குப் பள்ளத்தைச் சிறிது அரித்துச் செல்லும் என்பதால், பளபளப்பு மாறாத தட்டு எவரும் மிகுதியாகக் கேட்காத தட்டு. சாம்பல் நிறமேறி, குறிப்பிட்ட ஓர் அடியில் மட்டும் பள்ளம் ஆழ்ந்து, பெயர்ச்சீட்டில் மையால் எழுதிய வீட்டுக்காரர் பெயரோடு கிடைக்கும் தட்டோ தரவரிசையில் கடைசியில் நிற்பது. பல சமயங்களில் விலைக்கும் கொள்ளப்படாதது. எந்த அடியை மீண்டும் மீண்டும் கேட்டனர், எந்தப் பக்கத்தைத் திருப்பியே போடவில்லை, தட்டு யார் வீட்டில் இருந்தது என்பவற்றை அறிய அதனினும் நேரடியான சான்று ஆய்வாளருக்கு வேறு இல்லை.